ஒரே மாவு... இட்லியும் ஆச்சு, தோசையும் ஆச்சு!

“ஏங்க்கா, ஒரு தடவை எழுதினதையே மறுபடியும் இன்னொரு இடத்தில போடறது தப்பில்லையா?”

எழுதுகிற பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் எப்படியும் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்கும்போதே குரல் கொஞ்சம் தணிந்து போகும். ஏதோ நேற்றைய சாம்பாரைச் சுட வைத்து விருந்தாளிக்குப் பரிமாறிவிட்ட மாதிரி ஒரு கூச்சம்!

சகோதரிகளே, கூச்சமே வேண்டாம். ஒரு தடவை அரைத்த மாவில் முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் என்று செய்கிறவர்கள்தானே நாம்? மாவு ஒன்றுதான், வீட்டில் யாரும் கோபித்துக்கொள்வதில்லையே! (எங்கள் குன்னூர்க் குளிரில் மாவு லேசில் பொங்காது. டிசம்பர், ஜனவரியில் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்பின் கணகணப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் மறுநாள் இட்லி. அது தனிக் கட்டுரை. அதை நான் மூன்று இடத்தில் வெளியிட்டிருக்கிறேன்!)

பத்து வருஷமாக இணையத்தில் எழுதி வருகிறேன். பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை. மலைக் காய்கறிச் சமையல், குளிர் ஊரில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது, மழைக்காலத்தில் துணி காயவைப்பது, வீட்டுக்கு முன்னால் நாலு தொட்டியில் செடி வளர்ப்பது, இப்படித்தான். முதலில் என் சொந்த வலைப்பூ. பிறகு பிரதிலிபி. அதற்குப் பிறகு மீடியம். தேர்ந்தெடுத்த சிலவற்றை மின்புத்தகமாகவும் போட்டேன். அதே கட்டுரை, நாலு வாசல். ஒவ்வொரு வாசலிலும் வருகிறவர்கள் வேறு. பிரதிலிபியில் படிக்கிற பெண் என் வலைப்பூவைப் பார்த்ததே இல்லை. சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறவருக்குப் பிரதிலிபி தெரியாது. ஒருத்தருக்கும் இரண்டு தடவை பரிமாறியதாகத் தோன்றவில்லை.

இது ஒன்றும் கம்ப்யூட்டர் வந்து கண்டுபிடித்த வித்தையும் அல்ல. வை.மு.கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்ளுங்களேன். சின்னஞ்சிறு வயதில் கல்யாணம். முதல் நாடகத்தைத் தன் கையால் எழுதத் தெரியாமல், தோழி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல எழுத வைத்தவர். அவரே 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தி, அதில் நாவல்களைத் தொடராகப் போட்டு, பிறகு அவற்றையே புத்தகமாகவும் கொண்டுவந்தார். 115 நாவல்கள்! ஒரே எழுத்து, இரண்டு வாசல். அப்போது யாரும் “பழைய மாவு” என்று சொல்லவில்லை. நம் அம்மாக்கள் வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துத் தைத்து பைண்டு பண்ணி வைத்துக்கொண்டார்கள். அதே கதை புத்தகமாக வந்தபோது அதையும் வாங்கிப் படித்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது நியாயமானதும்கூட. பத்திரிகைக்குக் கதை அனுப்பினால் தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையோடு, “இது என் சொந்தக் கற்பனை, வேறு எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப்படவில்லை” என்று ஒரு உறுதிமொழியும் வைப்போம். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பி, இரண்டிலும் அச்சாகிவிட்டால் மானம் போய்விடும். இன்றைக்கும் பத்திரிகைகளுக்கும் போட்டிகளுக்கும் இது பொருந்தும். “முன்பு எங்கும் வெளிவராதது” என்று கேட்டால், வலைப்பூவில் போட்டதும் வெளிவந்ததுதான். நாற்பது பேர்தான் படித்தார்கள் என்று சமாதானம் சொல்ல முடியாது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் பத்திரிகை, பிறகு நம் வீடு, பிறகு மற்ற வாசல்கள். இந்தக் கட்டுரையையே முதலில் இங்கே கொடுத்துவிட்டு, எத்தனை நாள் கழித்து நான் என் வலைப்பூவில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசிரியரம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

எழுத்து யாருடைய சொத்து?

சட்டம் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நகை அடகுச் சீட்டைப் படிக்கிற அளவு கவனம் இதற்கும் வேண்டும்.

1957-ம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதினவர்தான் எழுத்தின் முதல் சொந்தக்காரர். பத்திரிகை ஆபீசில் சம்பளத்துக்கு வேலை பார்த்து எழுதினால் கதை வேறு. வீட்டிலிருந்து எழுதி அனுப்புகிற நமக்கு அந்த விதிவிலக்கு கிடையாது. எழுதின நிமிஷமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. விரும்பினால் டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதியலாம். வழக்கு என்று வந்தால் அது ஒரு சாட்சியாக உதவும். உரிமை நம் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 வருஷம். பேரன் பேத்திக்குக்கூட விட்டுப் போகலாம்!

அந்த உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பதானால், நம் கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று அந்தக் காகிதத்தில் இல்லையென்றால் 5 வருஷம் என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. எந்த நாட்டுக்கு என்று இல்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். 2012-ல் வந்த திருத்தத்தில் இன்னொரு நல்ல விஷயம் சேர்ந்தது. எழுதிக் கொடுத்த காலத்தில் இல்லாத ஒரு புது ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, அதன் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒழிய. பழைய ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

இணையதளங்களில் பெரும்பாலும் நாம் உரிமையை விற்பதில்லை, அனுமதி மட்டும் கொடுக்கிறோம். “ஒத்துக்கொள்கிறேன்” என்று தட்டுகிறோமே, அந்த நீளமான விதிமுறைகளில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடினால் போதும். நாம் கொடுப்பது அந்தத் தளத்துக்கு மட்டுமேயான அனுமதியா, மற்ற இடங்களிலும் போட்டுக்கொள்ளக் கூடிய அனுமதியா? முதல் வகையென்றால் பேனாவைக் கீழே வைத்து யோசியுங்கள்.

எங்கள் ஊரில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிற சிறு விவசாயி பச்சை இலையை ஃபேக்டரிக்குக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். அது தூளாகி, குன்னூர் ஏல மையத்தில் விலை போய், யாருடைய பாக்கெட்டிலோ யாருடைய பெயரிலோ கடைக்கு வரும். அவர் மறுபடி விற்க முடியாது. கட்டுரைக்கு அந்தத் தலைவிதி இல்லை. கொடுத்த பிறகும் கூடையில் இருக்கிற இலை அது. அனுமதியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கூடையையே கொடுத்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

நீலகிரி என்றதும் ராஜம் கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். படகர் மக்களின் வாழ்க்கையை வைத்து ‘குறிஞ்சித் தேன்’ எழுதியவர். 2009-ல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது, அவர் உயிரோடு இருக்கும்போதே. ஆகவே அவர் நூல்களை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். நம்முடைய எழுத்தை வெளியிட நம்மைத்தான் கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, “நெட்டில் இருந்தது, எடுத்துக்கிட்டேன்” என்று சொல்கிறவர்கள் ஏராளம்.

சமையல் குறிப்பு எழுதும் சகோதரிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கப் அரிசிக்கு அரை கப் உளுந்து என்கிற அளவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. நீங்கள் அதைச் சொன்ன விதத்துக்கு, உங்கள் வாக்கியங்களுக்கு, எடுத்த படத்துக்குத்தான் உரிமை.

கிண்டிலில் ஒரு முடிச்சு

2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் வெளியீட்டில் தமிழும் சேர்ந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே புத்தகம் போடலாம் என்றதும் எங்கள் வட்டாரத்தில் ஒரே உற்சாகம். அங்கே ‘செலக்ட்’ என்று ஒரு திட்டம் உண்டு. அதில் சேர்ந்தால் சந்தா கட்டிப் படிக்கிறவர்களும் நம் புத்தகத்தைப் படிக்கலாம், பக்கக் கணக்கில் காசு வரும். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீதப் பங்கு வேண்டுமென்றாலும் அதில் சேர்ந்துதான் ஆக வேண்டும். சேராவிட்டால் 35 சதவீதம்.

ஆனால் சேர்ந்த 90 நாட்களுக்கு அந்த எழுத்து மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. நம் சொந்த வலைப்பூவிலும்கூடத்தான்! மாதிரிக்கு 10 சதவீதம் வரை வைக்கலாம். அச்சுப் புத்தகத்துக்குத் தடையில்லை. 90 நாள் முடிந்ததும் தானாகவே அடுத்த 90 நாளுக்குப் புதுப்பித்துக்கொள்ளும், நாம் போய்க் குறியை எடுத்துவிட்டால்தான் நிற்கும். நாலு வாசல் வைத்திருக்கிறவர்கள் இதில் சேருமுன் மற்ற மூன்றையும் சாத்த வேண்டும். நான் என்ன செய்கிறேன் என்றால், சமையல் கட்டுரைகளை அதில் சேர்ப்பதே இல்லை. புதிதாக எழுதிய சிறுகதைகளை மட்டும் ஒரு தவணை சேர்த்துவிட்டு, வெளியே எடுத்த பிறகு மற்ற இடங்களில் போடுகிறேன். பெரிய வரும்படி என்று சொல்லமாட்டேன். ஒரு வருஷத்துப் பணத்தில் ஒரு மிக்ஸி வாங்கினேன். “இது யார் வாங்கினது தெரியுமா?” என்று இன்னமும் எங்கள் வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் காட்டுகிறார்.

கூகிளில் தேடினால் எது வரும்?

“ஒரே விஷயம் நாலு இடத்தில் இருந்தால் கூகிள் தண்டித்துவிடும்” என்று ஒரு பயம் உலவுகிறது. தண்டனை என்றெல்லாம் இல்லை. ஒரே மாதிரி நாலு பக்கம் கண்ணில் பட்டால் அது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும், மற்றதை ஒதுக்கிவிடும். சங்கடம் எங்கே என்றால், பெரிய தளத்தில் இருப்பது முன்னால் வந்து, நம் சின்ன வலைப்பூ பின்னால் போய்விடலாம். இதற்காகவே 2009-ல் கூகிள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூவரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். பக்கத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், “இதன் மூலப் பிரதி இன்ன முகவரியில் இருக்கிறது” என்று ஒரு குறிப்பு வைக்கலாம். கனானிக்கல் என்பார்கள். மீடியத்தில் கட்டுரையின் அமைப்புகளில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. தேடுபொறி அந்தக் குறிப்பைப் பெரும்பாலும் மதிக்கும், கட்டாயம் என்று இல்லை. அந்த வசதி இல்லாத தளங்களில், “முதலில் என் வலைப்பூவில் இன்ன தேதியில் வெளியானது” என்று கட்டுரையின் அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். படிக்கிறவருக்கும் ஒளிவு மறைவில்லை. நான் சொந்த இடத்தில் போட்டு ஒரு வாரம் பத்து நாள் ஆறவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போவேன்.

தேன் விஷயம்

பல வாசல் வைப்பதில் லாபம் மட்டும்தானா என்றால், இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

வெலிங்டனில் எனக்கொரு சிநேகிதி. அவளும் எழுதுகிறவள், என்னைவிட நன்றாகவே எழுதுவாள். பல வருஷம் முன்னால் கைக்குழந்தையின் இருமலுக்குப் பாட்டி வைத்தியம் என்று ஒரு கட்டுரை போட்டாள். துளசிச் சாற்றில் இரண்டு சொட்டுத் தேன் என்று அதில் இருந்தது. நம் வீடுகளில் வழக்கம்தானே? பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவுகிற குடும்பங்கள் எத்தனை! ஆனால் ஒரு வயது முடியும் வரை குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. தேனில் சில சமயம் ஒரு வகைக் கிருமியின் வித்துக்கள் இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. பிஞ்சுக் குடலில் அவை வளர்ந்து விஷத்தை உண்டாக்கி, குழந்தையைத் துவள வைத்து, மூச்சுவிடவே சிரமப்படுத்திவிடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஆபத்து. காய்ச்சினால் அந்த வித்துக்கள் செத்துவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அவை அசையாது.

சிநேகிதிக்கு இது தெரிய வந்த அன்றே தன் வலைப்பூவில் திருத்திவிட்டாள். கடமை முடிந்தது என்று நினைத்தாள். ஆறு மாதம் கழித்துத் திருப்பூரிலிருந்து ஓர் இளம் தாய் அவளுக்கு எழுதுகிறாள்: “அக்கா, பாப்பாவுக்கு அஞ்சு மாசம். தேன் ரெண்டு சொட்டுன்னு போட்டிருக்கீங்க. காலையில ஒரு தடவை போதுமா, ராத்திரியும் குடுக்கணுமா?”

சிநேகிதிக்குக் கை கால் ஓடவில்லை. உடனே வேண்டாம் என்று பதில் போட்டு, குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொன்னாள். அந்தத் தாய் இன்னும் கொடுக்க ஆரம்பிக்கவில்லை. கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தாளாம். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். அதே கட்டுரை மூன்று தளங்களில் பழையபடியே இருந்தது. ஒன்றில் உடனே திருத்த முடிந்தது. இன்னொன்றின் பாஸ்வேர்டு மறந்துபோய், பழைய மொபைல் நம்பரும் மாறிவிட்டதால் உள்ளே நுழையவே இருபது நாள் ஆனது. மூன்றாவது, யாரோ எடுத்து “படித்ததில் பிடித்தது” என்று தங்கள் பெயரில் போட்டுக்கொண்டது. வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்ததை என்ன செய்ய? அது இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால்தான் நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பால் கணக்கு நோட்டு மாதிரிதான். கட்டுரைப் பெயர், எழுதின தேதி, எங்கெங்கே போட்டேன், எந்த மின்னஞ்சலில் கணக்கு, கடைசியாகத் திருத்தின தேதி. பாஸ்வேர்டுக்கு இது இடமல்ல. அது தனியே பத்திரமாக இருக்கிறது. குழந்தை, கர்ப்பிணி, மருந்து சம்பந்தப்பட்டவற்றுக்குச் சிவப்பு மையில் ஒரு புள்ளி. வருஷத்துக்கு ஒரு தடவை சிவப்புப் புள்ளிகளை மட்டும் எடுத்து, எங்கள் குழந்தை டாக்டரிடம் ஒரு பார்வை பார்க்கச் சொல்லி, எல்லா இடத்திலும் ஒரே நாளில் திருத்துகிறேன். இப்போதெல்லாம் அப்படிப்பட்ட கட்டுரைகளைச் சொந்த வலைப்பூவில் மட்டுமே முழுசாக வைக்கிறேன். மற்ற இடங்களில் நாலு வரியும் முகவரியும். மாவு உவமையெல்லாம் இங்கே செல்லாது. கெட்டுப்போன மாவைக் கொட்டிவிடலாம், பிறர் வீட்டுக்குப் போனதைத் திருப்பி வாங்க முடியாதே.

வாசல் மூடிவிட்டால்?

ஜியோசிட்டீஸ் ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலத்தில் ஆளாளுக்கு அங்கேதான் பக்கம் வைத்திருந்தார்கள். 2009-ல் யாஹூ அதை மூடியது. கூகிள் பிளஸ் 2019-ல் மூடப்பட்டது. நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தமிழ்த் தளமும் ஒருநாள் காலையில் திறக்கவில்லை. முன்னறிவிப்பு ஒன்றும் வரவில்லை. எனக்கு எல்லாமே கையெழுத்துப் பிரதியாகவும் வலைப்பூவிலும் இருந்ததால் நஷ்டமில்லை. கூட எழுதிய ஒரு அம்மா, எழுபது வயதுக்காரர், தன் மாமியார் சொன்ன தாலாட்டுகளையும் பிரசவ மருந்துகளையும் நேரடியாக அங்கேயே தட்டச்சு செய்து வந்தவர். ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாலு வாசலில் ஒன்று திறந்திருந்தாலும் போதுமாக இருந்திருக்கும்.

வலைப்பூவை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள வேர்ட்பிரஸ், பிளாக்கர் இரண்டிலுமே வசதி உண்டு. மாதம் ஒரு முறை, மளிகை லிஸ்ட் போடுகிற அன்றைக்குச் செய்துவிடுங்கள். யூனிகோடு வருமுன் பாமினி, திஸ்கி எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்தவர்கள் எழுத்துரு மாற்றி கொண்டு மாற்றி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் நாளைக்குத் திறக்கும்போது கோழி கிளறின மாதிரி தெரியும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற நூலகத்தில் நம் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அன்றைய தேதியோடு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். காசு கிடையாது. யார் முதலில் எழுதினார்கள் என்ற சண்டையில் அந்தத் தேதி பேசும்.

சண்டை என்று வந்தால் முதலில் அந்தத் தளத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். நம் மூலப் பக்கத்தின் முகவரி, திருடின பக்கத்தின் முகவரி, தேதி மூன்றும் வேண்டும். நம் சட்டப்படி, இப்படிப் புகார் வந்தால் தளம் அந்தப் பக்கத்தை 21 நாள் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் கோர்ட்டு உத்தரவு வரவில்லை என்றால் மறுபடி திறந்துவிடலாம். நடைமுறையில் பெரும்பாலும் முதல் கடிதத்துக்கே எடுத்துவிடுகிறார்கள். எடுத்தவர்கள் பாதிப் பேருக்கு அது திருட்டு என்றே தெரிவதில்லை! கூகிளிலும் தேடலிலிருந்து நீக்கச் சொல்ல ஒரு படிவம் இருக்கிறது.

நாலு இடத்துக்கு வேலை என்றால் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செல்போனில் கட்டை விரலால் முழுக் கட்டுரையும் தட்டாதீர்கள். ஒரு தடவை எழுதி முடித்தபின் மற்ற இடங்களுக்கு வெட்டி ஒட்டுவதுதானே? மதியம் பாத்திரம் கழுவி முடித்து, குழந்தை தூங்குகிற அரைமணியில் ஓர் இடம் போதும். அடுத்த இடம் அடுத்த வாரம்.

பருவத்துக்கேற்ற கட்டுரைகளை அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. அதையொட்டி பிளம்ஸ் சீசனும் வந்துவிடும். பிளம்ஸ் ஜாம் கட்டுரையை ஏப்ரல் கடைசியில் எடுத்து, சர்க்கரை அளவைச் சரிபார்த்து, புதுப் படம் ஒன்று சேர்த்து, மறுபடி வெளியே விட வேண்டும். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.